உம்மாவின் பிஸ்கட் டின்னும் ஒரே மருந்தின் இரண்டு பெயர்களும்

பொத்துவிலில் எங்கள் வீட்டு அடுப்படி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பிஸ்கட் இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் எண்ணிப் போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறைகள், பாமசியில் கத்தரிக்கோலால் வெட்டித் தந்த அரைவாசிக் குளிசை அட்டைகள், கட்டாரில் இருந்து மச்சான் அனுப்பிய நோவுக் களிம்பு, திகதி முடிந்த இருமல் மருந்து, எல்லாம் அதற்குள்தான். கடந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில், சுபஹுத் தொழுகைக்காகப் படுக்கையை விட்டு எழும்பிய உம்மா தலை சுற்றி விழுந்தார். இடுப்பில் அடிபட்டு வீங்கியதோடு தப்பினார், எலும்பு முறியவில்லை.

அன்று பகல் டின்னைப் பாயில் கொட்டிப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த உறையில் பேனையால் ஆங்கிலத்தில் லொசார்டன் 50 என்று எழுதியிருந்தது. அதற்குள் வெள்ளைக் குளிசைகள். பக்கத்தில் ஒரு பச்சைக் குளிசை அட்டை. அது தனியார் டொக்டர் ஒருவர் எழுதித் தந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் கம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே, கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத எழுத்தில், லொசார்டன் பொட்டாசியம் 50 மில்லிகிராம். உம்மா காலையில் வெள்ளையையும் இரவில் பச்சையையும் மூன்று கிழமையாக எடுத்து வந்திருக்கிறார். நிறம் வேறு, பெயர் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்பது அவருடைய கணக்கு. தனியார் டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு போகவில்லை. வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவும் இல்லை, உம்மா சொல்லவும் இல்லை.

இதை எழுதக் காரணம் உம்மா மட்டும் இல்லை. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் இந்த டின்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பிரஷர் குளிசையால் வரும் கெடுதியில் பெரும்பகுதி அந்தக் குளிசையின் குற்றம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு மடங்கு எடுப்பது, நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவது, வேறொரு குளிசையோடு தெரியாமல் சேர்ப்பது, இவைதான் ஆட்களை விழுத்துகின்றன.

பெயரில் இருந்து தொடங்குவோம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப் பெயர் உண்டு. லொசார்டன், அம்லோடிபின், எனாலாபிரில் எல்லாம் பொதுப் பெயர்கள். அதே மருந்தைச் செய்யும் ஒவ்வொரு கம்பனியும் தன் பங்குக்கு ஒரு வியாபாரப் பெயர் வைக்கும். அம்லோடிபினை நோர்வாஸ்க் என்றும் லொசார்டனைக் கோசார் என்றும் முதலில் விற்றார்கள். இன்று அவற்றுக்கு எத்தனையோ பெயர்கள். இந்தக் குழப்பத்தைப் பற்றி உலகத்துக்கே முன்கூட்டிச் சொன்னவர்களில் ஒருவர் எங்கள் நாட்டவர். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளைப் பொதுப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று வாதாடினார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். 1977 இல் கயானாவில் காலமானார். ஒசுசலவில் இன்றும் மலிவாக மருந்து கிடைப்பது அந்த யோசனையின் மிச்சம். அவர் பேசியது பெரும்பாலும் விலையைப் பற்றி. உம்மாவின் டின்னைப் பார்த்த பிறகு, அது பாதுகாப்பைப் பற்றியும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே, குளிசையை நிறத்தால் அடையாளம் வைக்காதீர்கள். கிளினிக்கில் இந்த மாதம் வெள்ளை, அடுத்த மாதம் வேறு கம்பனியின் மஞ்சள் என்று மாறிக்கொண்டே இருக்கும். பொதுப் பெயரும் மில்லிகிராமும் மட்டும்தான் மாறாத அடையாளம். பாமசியில் புதிய அட்டை வாங்கும்போது இதன் பொதுப் பெயர் என்ன என்று கேளுங்கள். உறையில் எழுதியது விளங்காவிட்டால் கவுண்டரை விட்டு நகராமல் கேளுங்கள். அம்பாறைக்கோ மொனராகலைக்கோ போக நேர்ந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உறையில் சிங்களத்தில் ஏதோ எழுதிக் கையில் தருவார்கள், நாங்களும் தலையாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. அதை நினைவூட்ட மருந்துக் கவுண்டரை விடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நிறுத்துவது. இதற்குப் பின்னால் ஒரு சொல்லின் குழப்பம் இருக்கிறது. எங்கள் பேச்சில் பிரஷர் என்றால் கவலை, கோபம், ரென்ஷன். "அவருக்குப் பிரஷர் ஏத்தாதீங்க" என்கிறோம். யுத்தத்தில் பிள்ளையை இழந்த தாய்க்குப் பிரஷர் என்றால், அது அந்தத் துயரத்தால் வந்தது, மனம் ஆறினால் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். துயரமும் தூக்கமின்மையும் குருதி அமுக்கத்தைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் வருடக்கணக்காக உயர்ந்து நிற்கும் குருதி அமுக்கம் இரத்தக் குழாய்களின் வருத்தம். மனம் ஆறிய நாளிலும் அது அங்கேயே இருக்கும். 140க்கு 90ஐ எட்டிய பிறகும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. தலையிடிக்கவில்லை, பிடரி நோகவில்லை, ஆகவே பிரஷர் இல்லை என்று முடிவெடுப்பவர் பாரிசவாதம் வந்து கட்டிலில் விழும்போதுதான் முதல் அறிகுறியைக் காண்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் 130 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வருத்தம் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கிளினிக்கில் அளந்து "இப்ப நோர்மல்" என்று சொன்னால், குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம். வருத்தம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. நிறுத்தினால் சில நாட்களில் அல்லது கிழமைகளில் பழைய இடத்துக்கே போய்விடும். சில குளிசைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. அட்டெனோலோல் போன்றவற்றை ஒரேயடியாக விட்டால் இதயம் வேகமாக அடிக்கும், அமுக்கம் எகிறும். ஏற்கெனவே நெஞ்சு நோ உள்ளவருக்கு மாரடைப்புக்கூட வரலாம். குறைப்பதானால் டொக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

நிறுத்தும் பழக்கத்துக்கு 2022 உம் ஒரு காரணம். நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் 80 வீதத்துக்கும் மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகின்றன. டொலர் இல்லாமல் போன அந்த வருடம், கிளினிக்கில் "வெளியில வாங்குங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியில் விலை இரண்டு மூன்று மடங்கு. பெற்றோல் வரிசையில் நின்ற நாட்டில் ஒரு குளிசையைப் பாதியாக உடைப்பது பெரிய விடயமாகத் தெரியவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார்கள், பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கினார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தட்டுப்பாடு குறைந்த பிறகும் அந்தக் கணக்கு பல வீடுகளில் மாறவில்லை. "அரைவாசி போதும், இவ்வளவு காலம் ஒண்டும் ஆகல்லியே" என்கிறார்கள். அடுத்த வருடம் தரமில்லாத மருந்து விவகாரம் வெளியே வந்து, முன்னாள் சுகாதார அமைச்சரே கைதாகும் வரை போனது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக் குளிசையில் இருந்த நம்பிக்கையும் பலருக்கு ஆட்டம் கண்டது. அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. அதற்காகக் குளிசையை விட்டால் நட்டம் எங்களுக்குத்தான். கையில் பணம் இல்லாமல் தவணை பிந்துகிறது என்றால் டொக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். மலிவான ஒன்றுக்கு மாற்ற அநேகமாக எப்போதும் வழி உண்டு. இந்த வருத்தத்துக்கு இன்றும் கொடுக்கும் முதன்மையான மருந்துகளில் பல, விலை குறைந்த பழைய மருந்துகள்.

குளிசையை உடைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாக் குளிசையையும் உடைக்க முடியாது. நிஃபெடிபின் போன்றவற்றில் மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்த வகை உண்டு. அதை உடைத்தாலோ நசித்தாலோ, நாள் முழுவதும் வெளியேற வேண்டியது ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்து, அமுக்கம் சடுதியாக விழும். முன்னர் பிரஷர் ஏறினால் நாக்குக்குக் கீழே ஒரு நிஃபெடிபின் கப்சூலைக் கடித்து வைக்கும் வழக்கம் இருந்தது. சடுதியாக இறங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் குறையும் என்று கண்டு அதைக் கைவிட்டுவிட்டார்கள். வயதானவர்கள் சிலர் இன்னும் அந்த வைத்தியத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இனி வருவது, யுத்தம் கண்ட எங்கள் வாசகர்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டியது. உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவர்கள், முகாம்களிலும் வயலிலும் கடலிலும் முதுகு போனவர்கள் எங்கள் மத்தியில் ஏராளம். இவர்களில் பலர் தினமும் ஒரு நோவுக் குளிசை எடுக்கிறார்கள். துண்டு எழுதாமலே பாமசியில் கிடைக்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரோஃபென் வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அமுக்கத்தைக் கூட்டும். பிரஷர் குளிசையின் வேலையையும் கெடுக்கும். கிளினிக்கில் அமுக்கம் இறங்கவில்லை என்று டொக்டர் ஒரு குளிசையைக் கூட்டுவார். நோயாளி நோவுக் குளிசையைப் பற்றிச் சொல்லவே மாட்டார், ஏனென்றால் அது அவருக்கு மருந்தாகவே தெரியாது.

இதைவிட மோசமான ஒரு கூட்டு உண்டு. லொசார்டன் அல்லது எனாலாபிரில் ஒன்று, நீர் போவதற்கென்று தரும் எச்.சி.டி. போன்ற குளிசை இன்னொன்று, இவற்றோடு டைக்குளோபெனாக். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ, வயிற்றோட்டமும் வாந்தியும் இருந்தாலோ ஆபத்து பல மடங்கு. வயிற்றோட்டம் வந்து தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத நாளில், இந்தக் குளிசைகளைத் தொடர்வதா இடைநிறுத்துவதா என்று அன்றே டொக்டரைக் கேட்க வேண்டும். சாதாரண நோவுக்கு அளவோடு பனடோல் எடுப்பது இவர்களுக்குப் பாதுகாப்பானது. தினமும் நோவு என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். வேறு வகை மருந்துகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் இருக்கின்றன.

மருந்தாகத் தெரியாத வேறு சிலவும் உண்டு. தடிமனுக்கு எடுக்கும், மூக்கடைப்பைத் திறக்கும் குளிசைகள் சில அமுக்கத்தைக் கூட்டும். இருமல் கசாயத்தில் போடும் அதிமதுரத்தைக் கிழமைக்கணக்கில் குடித்தாலும் அதேதான். லொசார்டன், எனாலாபிரில் எடுப்பவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம். சிறுநீரகமும் பழுது என்றால் இளநீர் குடிப்பதைக்கூட டொக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். கருவாட்டைப் பற்றி எழுதி இந்தக் கரையில் பகை தேட எனக்கு விருப்பமில்லை. ஆனால் உப்பு கூடினால் குளிசையும் கூடும், அவ்வளவுதான்.

பக்கவிளைவுக்குப் பயந்து சொல்லாமல் விடுபவர்களுக்கு. அம்லோடிபின் எடுத்துக் கணுக்கால் வீங்கினால், எனாலாபிரில் எடுத்து வறட்டு இருமல் விடாமல் வந்தால், மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பிரசோசின் முதல் நாள் எடுக்கும்போது எழும்பி நின்றால் மயக்கம் வரலாம் என்பதால் படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். லொசார்டனும் எனாலாபிரிலும் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொன்னால் மெதில்டோபா போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார்கள். தெரியாமல் கர்ப்பமாகிவிட்டால் பயந்து ஒளிக்காமல் அன்றே போய்ச் சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் பிரஷர் குளிசையை முழுதாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், ஸஹரில் இரண்டு வேளைக் குளிசையை ஒன்றாக விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிழை. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் குளிசையைப் பொதுவாக நோன்பு துறந்த பிறகோ ஸஹரிலோ எடுக்கலாம். நாளுக்கு இரண்டு என்றால் இரண்டு நேரத்துக்கும் பிரிக்கலாம். மூன்று வேளைக் குளிசையையும் நீர் போகும் குளிசையையும் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். காலையில் எடுப்பதா இரவிலா என்ற கேள்விக்கு, பிரித்தானியாவில் 21,104 நோயாளிகளைப் பல வருடங்கள் பார்த்த ஆய்வொன்று 2022 இல் பதில் சொன்னது: மாரடைப்பு, பாரிசவாதம் விடயத்தில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாக எடுக்க வேண்டாம்.

கிளினிக் கொப்பிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையில் கடல் எடுத்துப் போன பொருட்களில் அந்தக் கொப்பிகளும் இருந்தன. முள்ளிவாய்க்காலில் இருந்து நடந்து வந்தவர்களில் எத்தனை பேரின் கையில் அது இருந்திருக்கும்? என்ன மருந்து, எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஒரு மனிதரின் பத்து வருட வரலாறு அந்த ஒரு கொப்பியில் மட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் புதிய படம். கோமாரியில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ இரவில் அவசரமாக அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ கொண்டு போகும்போது, அந்தப் படம் ஒன்றே டொக்டருக்குப் போதும்.

நோயாளி மட்டும் திருந்தினால் போதும் என்று எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றிலும் கிராமங்களில் 2,645 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வின் முடிவு 2020 இல் வெளிவந்தது. சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அமுக்கத்தை அளந்து, குளிசையையும் உணவையும் பற்றிப் பேசி, தேவையானவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் மருத்துவமாதுகள். அப்படிப் போன கிராமங்களில் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது, போகாத இடங்களில் ஏறக்குறைய 4 மட்டும். கொழும்பில் இருந்து பெரிய இயந்திரம் ஒன்றும் வரத் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விடயம். மருத்துவமாது எங்கள் வாசலுக்கு ஏற்கெனவே வருகிறார். ராத்தாவின் குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். பக்கத்தில் கதிரையில் இருக்கும் உம்மாவின் கையில் பட்டியைக் கட்டும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் கதிரையில் சாய்ந்திருந்து, தேத்தண்ணி குடித்த உடனே இல்லாமல் அளக்க வேண்டும். 180க்கு 120ஐத் தாண்டிக் காட்டினால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளவுங்கள், கூடுதல் குளிசை போட வேண்டாம். இறங்காமல் அப்படியே நின்றால் அன்றே டொக்டரிடம் போங்கள். அளவு எதுவானாலும் நெஞ்சு நோ, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம், 1990. அந்த எண்ணைக் கிழக்கில் தமிழரோ முஸ்லிமோ வேறு காரணத்துக்காக மறக்க மாட்டார்கள்.

உம்மாவின் டின்னை இப்போது துப்புரவாக்கிவிட்டோம். திகதி முடிந்தவை போய்விட்டன. பச்சைக் குளிசை போய்விட்டது, அதுவும் கிளினிக்கில் காட்டிக் கேட்ட பிறகுதான். மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: லொசார்டன் 50, காலை ஒன்று. அம்லோடிபின் 5, இரவு ஒன்று. நோவுக்குப் பனடோல் மட்டும். பெரிய எழுத்தில், தமிழில். கட்டார் களிம்பை மட்டும் எடுக்க விடமாட்டேன் என்று உம்மா பிடித்த பிடியில் நிற்கிறார்.